சோற்றை விட்டுவிடாதே, குறைத்துக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, மறுபடி பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார். கொல்லையில் முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. உனக்கு ஒரு கட்டு கொடுத்தனுப்பலாம் என்று பார்த்தால், நீ சாம்பாரையே தொடுவதில்லையாமே! உன் வீட்டுக்காரி நேற்று போனில் அழுது தீர்த்துவிட்டாள்.

சோறு, இட்லி, பருப்பு, பயறு, பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, பன்னீரும் முட்டையும் வெண்ணெயுமாக இருக்கிறாயாம். பதினைந்து நாளில் நாலு கிலோ குறைந்ததென்று நீ வாட்ஸப்பில் படம் போட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தப் படத்தில் உன் முகம்தான் கண்ணில் பட்டது. ஆபீசில் பதினோரு மணிக்குக் கை நடுங்கி, சட்டை நனைய வேர்த்து, நாற்காலியில் சாய்ந்துவிட்டாய் என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுகருக்கு நீ போடுகிற கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீ மூன்று வேளையும் சோறும் இட்லியும் சாப்பிட்ட காலத்தில் எழுதிக் கொடுத்த அளவு அது. இப்போது தட்டில் மாவுச்சத்தே இல்லை, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே உள்ளே போகிறது. சுகர் இறங்காமல் என்ன செய்யும்? நாளைக்கே டாக்டரிடம் போ. எதை நிறுத்தினாய், எதைச் சாப்பிடுகிறாய் என்று ஒன்றுவிடாமல் சொல். மாத்திரையைக் குறைப்பதும் மாற்றுவதும் அவர் பாடு, நீயாகக் கை வைக்காதே. 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரை ஏதாவது சீட்டில் இருக்கிறதா என்றும் பார். அதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு விட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து உண்டு. சுகர் அதிகம் ஏறாமலேயே அது வரலாம் என்பதால் வெளியே தெரியாது. மறுபடி கை நடுங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடி. டயட் கெட்டுவிடுமே என்று அந்த நேரத்தில் யோசிக்காதே.

எடை குறைய வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நம் ஊர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், நீ அதைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆயிற்று. சுகரால் அப்பாவின் காலில் அந்தப் புண் ஆறாமல் நாம் இருவரும் மாறி மாறிக் கட்டுப் போட்டது உனக்கும் மறந்திருக்காது. எனக்கு உன்னை நினைத்தால் அதுதான் முன்னால் வருகிறது. அதனால்தான் இது நிலைக்கிற மாதிரி நடக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

அந்த நாலு கிலோவில் பாதிக்குக் குறையாமல் தண்ணீராக இருக்கும். உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று கொஞ்சம் சர்க்கரையைச் சேர்த்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தியதும் முதலில் காலியாவது அந்த இருப்பு, கூடவே தண்ணீரும் போகிறது. நீ என்றைக்காவது ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் இரண்டே நாளில் அது திரும்பி வரும். அன்றைக்கு மனசு விட்டுப்போய், எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவாய். உன்னைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேனே!

அத்தான் எப்படிக் குறைத்தார் என்று கேள். அவர் சாப்பாடு உனக்குத் தெரியும். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. பொரியல் தட்டின் ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குக் கிடக்கும். நான் முதலில் மோர்ச் சோற்றை மட்டும் நிறுத்தி, மோரை டம்ளரில் கொடுத்தேன். முகத்தைத் தூக்கிக்கொண்டார், பிறகு பழகிவிட்டது. கொஞ்ச நாள் போனதும் ரசமும் டம்ளருக்கு வந்தது. இப்போது குழம்புக்கு மட்டும் சின்னக் கிண்ணத்தில் ஒரு கிண்ணம் சோறு. தட்டில் முதலில் விழுவது பீர்க்கங்காய்க் கூட்டும் அவரைக்காய்ப் பொரியலும், அதுவும் தாராளமாக. கூட மீன், இல்லையென்றால் முட்டை, அதுவும் இல்லாத நாளில் கெட்டிப் பருப்பு. அதையெல்லாம் பாதி முடித்த பிறகுதான் சோற்றுக்குக் கை போக வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். காலையில் நாலு இட்லி இரண்டாகி, சாம்பார் இரண்டு மடங்காகி, ஒரு முட்டை சேர்ந்தது. சாயங்காலம் மிக்சருக்குப் பதில் சுண்டல். காபிக்குச் சர்க்கரை கிடையாது. அதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது.

வடித்த சோறு 100 கிராமில் 28 கிராம் போல மாவுச்சத்து இருக்கிறது. மூன்று தடவை சோறு ஒரு தடவையானால் எவ்வளவு மிச்சம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். யாரோ சொன்னார்கள் என்று சிறுதானியத்துக்கு மாறி, களியை உருண்டை உருண்டையாக விழுங்காதே. அரிசி 100 கிராமில் 78 கிராம் என்றால் கேழ்வரகில் 67 கிராம். நார்ச்சத்து கூடுதல், நல்லதுதான், ஆனால் அதற்கும் அளவு வேண்டும். பயறையும் கீரையையும் காயையும் விட்டதால்தான் உனக்கு இப்போது வயிறு சரியாகப் போகவில்லை. இதையும் அவள்தான் சொன்னாள், கோபித்துக்கொள்ளாதே.

2018இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. 609 பேரில் ஒரு பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள், மறுபாதிப் பேர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். இரண்டு பக்கமும் சர்க்கரையையும் மைதாவையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் சராசரியாக 5.3 கிலோவும் 6 கிலோவும் குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் வெண்ணெயில் ஏதோ மந்திரம் இருக்கிறதென்று நம்பாதே. ஒரு வருஷத்துக்கு ஆறு கிலோ என்பது கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். அத்தானுக்கும் ஏழெட்டுக் கிலோதான் இறங்கியது. ஒரு மாதம் ஒரு கிலோ இறங்கும், அடுத்த மாதம் முள் அசையவே அசையாது. ஆனால் மறுபடி ஏறவில்லை. சுகரும் இறங்கி, அவருடைய டாக்டரே ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே உனக்குத் தாராளம். எடை மிஷினில் தினமும் ஏறி நிற்காதே, வாரம் ஒரு தடவை போதும். ராத்திரி சாப்பிட்டதும் டிவி முன்னால் சாயாமல் அவளையும் கூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நட. பட்டினி மாதிரி கிடந்து குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், பிறகு மாடி ஏறவே மூச்சு வாங்கும்.

அவள் தனியாக உனக்கென்று சமைத்துச் சமைத்துச் சோர்ந்துபோயிருக்கிறாள். வீட்டுக்கெல்லாம் ஒரே குழம்பு, ஒரே பொரியல் வைக்கட்டும். நீ உன் தட்டில் அளவை மாற்றிக்கொள், போதும். குழந்தைகளும் உன்னைப் பார்த்துக் காய் சாப்பிடப் பழகும்.

வெள்ளிக்கிழமை பெரியவன் அந்தப் பக்கம் வருகிறான். முருங்கைக்காயும் கீரையும் கொடுத்தனுப்புகிறேன், கீரையை அன்றைக்கே பொரித்துவிடச் சொல். டாக்டரைப் பார்த்ததும், எத்தனை மணியானாலும் சரி, எனக்குப் போன் பண்ணி அவர் மாத்திரையைப் பற்றி என்ன சொன்னார் என்று சொல்.

அன்புடன்,
அக்கா