கேட் இருந்த கம்பெனி

படக் கம்பெனி என்றால் அதற்கு ஒரு கேட் இருக்க வேண்டும் என்று நம்பி வளர்ந்த தலைமுறை என்னுடையது. கேட்டில் ஒரு வாட்ச்மேன், உள்ளே மரங்கள், அதற்கப்பால் படப்பிடிப்பு ஃப்ளோர்கள். இப்போது படம் தொடங்கும் முன் நான்கைந்து நிறுவனங்களின் சின்னங்கள் வரிசையாக மின்னி மறைகின்றன. அவற்றுக்கு வாசல் எந்தத் தெருவில் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஏ.வி.எம். அப்படியல்ல. வடபழனி, ஆற்காடு சாலை, சுற்றுகிற உலக உருண்டை. சென்னை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் செத்த காலேஜையும் (மியூசியம்) உயிர்க் காலேஜையும் (மிருகக்காட்சி சாலை) முடித்துவிட்டு அந்த உருண்டைக்கு எதிரே வந்து நிற்பார்கள். உள்ளேயிருந்து எந்தக் கார் வந்தாலும் அதில் சிவாஜி இருப்பார் என்று ஒரு நினைப்பு. பெரும்பாலும் ஆபீஸ்காரர்தான் இருப்பார்.

அந்தக் கம்பெனி ஓரிடத்தில் காலூன்றக் கொஞ்ச காலம் பிடித்தது. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் வைத்திருந்த கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றன. மகன் மெய்யப்பன் சென்னைக்கு வந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் தட்டு வியாபாரத்தைப் பெரிதாக்கினார். பேசும்படம் வந்த பின் 1935இல் ‘அல்லி அர்ஜுனா’, பின்னாலேயே ‘ரத்னாவளி’. இரண்டும் கையைக் கடித்தன. ஆனால் தட்டு விற்றவரின் காது சும்மா இருக்கவில்லை. ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் வித்தையைச் செய்து பார்த்தார். கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ் பேச வைத்தார். ‘ஸ்ரீ வள்ளி’யில் நாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தியாக இல்லையென்று பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்.

ஏ.வி.எம். என்ற பெயர் 1945இல் வந்தது. ஆனாலும் ஸ்டுடியோ சென்னையில் அமையவில்லை. காரைக்குடிக்கே திரும்பிப் போய், தேவகோட்டை ரஸ்தாவில் வாடகை இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். 1947 பொங்கலுக்கு வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். பட்டம்மாள் பாட, குமாரி கமலா பாரதி பாட்டுக்கு ஆடினார். பாரதி பாடல்களை இசைத்தட்டாக்கும் உரிமை அப்போது மெய்யப்பனிடம் இருந்தது. 1949இல் அதைக் காசு வாங்காமல் அரசுக்குக் கொடுத்துவிட்டார். நான் பிறப்பதற்கு முன் இருந்த கொட்டகைக்காக ஏங்குவது அசட்டுத்தனம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

பிறகு கோடம்பாக்கம். ‘பராசக்தி’க்காக சிவாஜி கணேசன் முதன்முதலில் கேமரா முன் நின்று ‘சக்சஸ்’ என்று சொன்ன இடத்துக்கு உள்ளேயே நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல் வந்தார். இவையெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பிடித்தது ‘அந்த நாள்’. தட்டு விற்றுப் பிழைத்த ஒரு கம்பெனி, பாட்டுக்காகவே ஜனங்கள் தியேட்டருக்கு வந்த 1954இல், ஒரு பாட்டுகூட இல்லாத படத்தை எஸ். பாலசந்தரை இயக்கவைத்து வெளியிட்டது. அந்தத் துணிச்சலில் சொந்த ஃப்ளோருக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைக்கிறேன். செட் உன்னுடையது, விளக்கு உன்னுடையது, மாதச் சம்பளத்துக்கு ஆட்கள் உன்னிடமே இருக்கிறார்கள் என்றால் ஒரு விபரீத யோசனையைச் செய்து பார்க்கக் கை நீளும்.

அந்தக் கேட்டுக்குள் ஒரு படம் முழுசாகப் பிறக்க முடியும். தச்சர்கள் செட் அடிப்பார்கள், அருகிலேயே ரெக்கார்டிங், லேபில் நெகட்டிவ் கழுவி ரஷ் போட்டுப் பார்ப்பார்கள். சரியில்லையா, மறுபடி எடு. 1977இல் ‘16 வயதினிலே’ கேமராவை நிஜ வயலுக்குக் கொண்டுபோனது. சினிமாவுக்கு நல்லது, ஃப்ளோருக்கு இல்லை. அதை இன்றுவரை ரசிக்கிறவன் நான். ஆகவே யாரையும் குறைசொல்ல வாயில்லை.

மெய்யப்பன் 1979இல் காலமானார். பிள்ளைகள் ‘முரட்டுக்காளை’, ‘சகலகலா வல்லவன்’ என்று வேகமாக ஓடினார்கள். நடுவில் 1986இல் ‘சம்சாரம் அது மின்சாரம்’. ஒரே வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த வீட்டுச் சண்டைதான் பிற்பாடு சீரியலாகி நம் கூடத்துக்கே வந்தது என்பேன். ஏ.வி.எம்.மும் சீரியல் எடுத்தது. ‘நிம்மதி உங்கள் சாய்ஸ்’ பார்க்க சன் டிவி முன் உட்கார்ந்த வீடுகள் ஏராளம். சினிமா விட்டுப்போன ஃப்ளோர்களில் கொஞ்ச காலம் டிவிக்காரர்களின் கால்ஷீட்தான் விளக்கேற்றியது.

அப்புறம் டிஜிட்டல் வந்தது, லேபுகளுக்கு வேலை போயிற்று. கோடம்பாக்கம் வட்டாரத்தில் ஸ்டுடியோ நிலம் மாலும் குடியிருப்புமாக மாறியது. வாகினி இருந்த இடத்தில் மால். ஜெமினியோ மேம்பாலத்துக்குப் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏ.வி.எம். இடத்திலும் 2023இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய கேமராக்களும் பழைய கார்களும் இருக்கின்றன. கார்களிடம்தான் கூட்டம். ஓடாத கேமராவோடு செல்ஃபி எடுக்க யாருக்கு ஆசை!

கம்பெனி ஓய்ந்துவிடவில்லை. மெய்யப்பனின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் தலையெடுத்து, 2022இல் ‘தமிழ் ராக்கர்ஸ்’ என்று ஓடிடி தொடர் ஒன்றை எடுத்தார்கள். திருட்டுப் பிரதிக்காரர்களைப் பற்றிய கதை. பல வருஷமாகப் பெட்டி பெட்டியாகப் பிரிண்ட் அனுப்பிய கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. கைபேசியில்தான் பார்த்தேன். இந்தக் காட்சி எத்தனையாவது ஃப்ளோர் என்று பழக்கதோஷத்தில் தேடிக்கொண்டிருந்ததில் இரண்டு இடங்களில் கதையையே கோட்டைவிட்டு, பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டியதாயிற்று.