லயத்துக் கொல்லை

கீரை விதைத்த கதையையும் ஒரு கட்டுரையாக எழுத வேண்டுமோ என்று அன்பர்கள் சிலர் நகைக்கலாம், நகைக்கட்டும். கோலசிலாங்கூர் வட்டாரத்திலே, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் பிறந்தவர் நாம். நிலம் என்பது யாது என்னும் பாடத்தை லயத்தின் பின்புறத்துக் காய்கறிக் கொல்லையிலேதான் முதன்முதலில் கற்றோம்.

யுத்தத்திற்கு முந்திய மலாய் நாட்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஓர் ஏக்கரில் 1/16 பங்கு நிலம் பயிரிட ஒதுக்கப்பட வேண்டுமென விதித்திருந்தது. அதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடி. ஏட்டிலிருந்த அளவு ஒன்று, லயத்தில் கிடைத்த அளவு வேறொன்று; நமக்குக் கிடைத்தது அதில் பாதியும் இராது. அதுவும் களிமண். மழையில் குழம்பாகும், வெயிலில் வெடிக்கும், சில இடங்களில் புளித்துப்போன மண். தகப்பனார் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்று, பால் நிறுத்துக் கொடுத்து, உண்டு, சற்றே கண்ணயர்ந்த பின்னர் மண்வெட்டியைத் தூக்குவார். பாத்திகளை முழங்கால் உயரம் மேடாக்கி, அடுப்புச் சாம்பலும் மாட்டெருவும் இடுவார். சாம்பல் மண்ணின் புளிப்பை முறிக்கும் என்பதை அவருக்கு எந்த விவசாய அதிகாரியும் சொல்லவில்லை. தண்டுக்கீரை, வெண்டை, கத்திரி, மிளகாய், பந்தலிலே பீர்க்கு. கடைக் கணக்கில் அரிசியும் பருப்பும் ஏறிக்கொண்டேயிருந்த மாதங்களிலும் கறிக்கு மட்டும் நாம் கடன் சொன்னதில்லை.

பாட்டியார் அறிந்த கொல்லை இன்னும் கடுமையானது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கினர். பர்மாவிலும் சயாமிலுமிருந்து வரவேண்டிய அரிசி அருகிப் போயிற்று. பூச்செடி இருந்த இடத்திலும் மரவள்ளி. அதையே அவித்து, அதையே மாவாக்கி, அதையே கூழாக்கி 1945 வரை உயிர் பிழைத்தனர். யுத்தம் ஓய்ந்து முப்பதாண்டு கழிந்தும் பாட்டியார் மரவள்ளிக் கிழங்கைத் தொட்டவரல்லர். ஆனால் கொல்லையின் ஒரு மூலையில் நாலு குச்சியேனும் ஊன்றாமலும் விட்டவரல்லர்.

நம் ஊருக்கு அருகே தென்னமராம் தோட்டம் உண்டு. 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டிலேயே முதன்முதலாக வாணிப நோக்கில் செம்பனை நட்ட இடம் அது. செம்பனை குலை தள்ளச் சுமார் மூன்றாண்டு வேண்டும். காத்திருக்க அவருக்கு நிலம் இருந்தது. நாமோ இருபத்தைந்து நாளில் பறிக்கும் கீரையை விதைத்தோம். லயத்து வரிசை முழுவதும் தேடினாலும் ஒரு மாங்கன்றைக் காண முடியாது. ஏன் என்று சிறுவயதில் நாம் வியந்ததுண்டு.

விடை ஒரு சண்டையில் கிடைத்தது. அன்னையார் முருங்கைப் போத்து ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார்.

"ஒரு போத்து நட்டால் என்னங்க கெட்டுப் போகும்?"

"நாளைக்குத் துரை போகச் சொன்னால் மரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டா போவாய்?"

அன்னையார் மறுமொழி கூறவில்லை, மறுநாள் நட்டுவிட்டார். நம் வீட்டு அமைச்சரவையில் தீர்மானங்கள் இவ்விதமே நிறைவேறும்.

1988-இல் தகப்பனார் வேலையிலிருந்து விலகினார். வீட்டையும் கொல்லையையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. காய்த்துத் தொங்கிய பீர்க்கம் பந்தலை அப்படியே விட்டுவந்தோம். முருங்கையின் ஒரு போத்தை மட்டும் அன்னையார் ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

கடன் வாங்கி நாம் கோலசிலாங்கூரில் வாங்கிய சிறு வீட்டின் பின்புறம் பத்தடி மண் இருந்தது. தகப்பனார் வந்து பார்த்தார். "பத்திரம் நம் பேரில்தானா?" என்று கேட்டார், மாலையில் மீண்டும் கேட்டார். அடுத்த வாரம், உண்ட மாம்பழக் கொட்டையிலிருந்து முளைத்த கன்று ஒன்றைத் தாமே குழி வெட்டி நட்டார். ஐம்பத்தைந்து பிராயம் கடந்து அவர் நட்ட முதல் மரம் அது.

ஏழாம் ஆண்டு காய்த்தது. கடும் புளிப்பு, ஊறுகாய்க்கே ஆகும். தகப்பனாரோ ஒவ்வொரு காயையும் உப்பும் மிளகாயும் தொட்டுப் பச்சையாகவே தின்றார்.