சாப்பாட்டு விசாரணை

நம்மவர்கள் ஒருவரையொருவர் கண்டதும் கேட்கும் முதற் கேள்வி, "சாப்பிட்டாயிற்றா?" என்பதுதான். எங்கள் கோம்பையில், விடியற்காலையில் ஏலத்தோட்டத்து ஜீப்பைப் பிடிக்க ஓடுகிற பெண்மணிகூட, எதிர்ப்பட்டவரிடம் அதைக் கேட்காமல் போவதில்லை. ஆனால், "என்ன சாப்பிட்டீர்கள்? எவ்வளவு சாப்பிட்டீர்கள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு. கேட்க வேண்டிய இடத்திலும் இந்தக் கேள்வி எழாமற் போனதனால் என் தாயாரை நான் இழக்க இருந்தேன். அந்த விருத்தாந்தத்தையே இங்கே சொல்லப் போகிறேன்.

என் தாயாருக்கு வயது 70-க்கு மேல். நீரிழிவு கண்டபோது ஒரு வைத்தியசாலையில் மாத்திரைகளைக் கொடுத்து, "சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருக்க வேண்டும், அம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். வைத்தியர் பேரில் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் அறைக்கு வெளியே நோயாளிகளின் வரிசை தெருவாசல் வரையில் நின்றது. ஆனால் என் தாயாருக்குக் கட்டுப்பாடு என்றால் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: விரதம். கிருத்திகைக்கும் வெள்ளிக்கும் பட்டினி கிடந்து பழகிய தேகம் அல்லவா? இராச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினாள். காலையில் கேழ்வரகுக் கஞ்சியைச் செம்பு செம்பாகக் குடித்தாள். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கினாள்.

ஒரு நாள் நடுநிசியில் முனகல் கேட்டு எழுந்தேன். புடவையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. கைகால்கள் நடுங்கின. என் முகத்தைப் பார்த்து, "யாரையா நீ?" என்று கேட்டாள். பெற்ற தாய் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் என் காதில் ஒலித்துக் கொண்டிருக்கிறது. அடுத்த வீட்டில் குடியிருந்த செவிலியம்மாள் ஓடி வந்து, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டப் போனார். "சர்க்கரை நோய்க்காரிக்குச் சர்க்கரையா!" என்று குறுக்கே விழுந்து தடுத்தவன் வேறு யாருமில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷந்தோறும் நிறையுணவுப் பாடம் நடத்தி வரும் பட்டதாரியாகிய நானேதான்.

செவிலியம்மாள் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தம் காரியத்தைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் அம்மா தெளிந்தாள். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் வேலை செய்யும்போது, இரத்தத்திலுள்ள சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுமாம். உயிருக்கே ஆபத்தாகக் கூடுமாம். அதுவே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு பட்டணத்து வைத்தியசாலை ஒன்றில், உணவியல் கற்ற ஓர் இளம்பெண் அம்மாவை எதிரில் உட்கார வைத்து அரை மணி நேரம் விசாரித்தாள். எத்தனை வேளை, எந்தக் கிண்ணம், யார் சமையல், பல் இருக்கிறதா, இராத் தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்டாள். கடைசியில், எங்கள் தோட்டத்தில் விளைவதைக் கொண்டே ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தாள். தட்டில் பாதி கீரையும் காயும். கால் பங்கு சோறு அல்லது களி. மற்றக் கால் பங்கு மொச்சை, தட்டைப்பயறு, முட்டை. கஞ்சியாகக் கரைத்துக் குடிக்க வேண்டாம். எந்த வேளையையும் தள்ள வேண்டாம். இதில் விலை கொடுத்து வாங்கும் டப்பா மாவு ஒன்றும் கிடையாது. அம்மா வெளியே வந்ததும், "இத்தனை காலத்தில் என் வயிற்றை விசாரித்தது இந்தத் தாயி ஒருத்திதான்" என்றாள்.

அன்று முதல் ஒரு யோசனை என்னை விடாமல் பற்றிக்கொண்டது. இந்த அரை மணி நேரம் ஏன் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கக் கூடாது?

ஞானம் நமக்குப் புதிதல்ல. குன்னூரில் 1918-இல் மக்காரிசன் என்னும் வைத்தியர் தொடங்கிய ஆராய்ச்சியே பின்னால் பெரிய உணவு ஆராய்ச்சிசாலையாயிற்று. நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்தைக் கணக்கிட்ட அட்டவணை 1937-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. 1958-இல் அந்த ஆராய்ச்சிசாலை ஐதராபாத்துக்குப் போய்விட்டது.

அநுபவமும் நமக்கு உண்டு. 1980-இல் மதுரை ஜில்லாக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஒரு போஷாக்குத் திட்டம் ஆரம்பமாயிற்று. அப்போது கோம்பையும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததே. மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பார்கள். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு, தாய்க்குப் போதனை, பேதியும் காய்ச்சலும் கண்டால் கிராம சுகாதாரச் செவிலி. உணவையும் வைத்தியத்தையும் ஒரே முடிச்சில் கட்டிய காரியம் அது.

இன்று நோயின் முகம் மாறியிருக்கிறது. 2023-இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள். 2019-21 கணக்கெடுப்பிலோ பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியந்தான். ஆனால் வாசலில் மாத்திரை வந்து நிற்க, அடுப்படி வரையில் ஆலோசனை வர வேண்டாமா? பிரேஸில் தேசத்தார் 2008-இல் குடும்ப சுகாதாரக் குழுக்களுக்குத் துணையாக அமைத்த அணிகளில் உணவியலாரையும் சேர்த்துக் கொண்டார்கள்.

நிலையத்துக்கு ஒருவர் என்று நான் கேட்கவில்லை. வட்டாரத்துக்கு ஓர் உணவியல் வல்லுநர் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் ஒவ்வொரு நிலையத்திலும் அவர் உட்காரட்டும். வீடு வீடாகப் போகும் ஊழியர்களுக்கு, கேட்க வேண்டிய கேள்விகளை அவர் கற்றுக் கொடுக்கட்டும். மனையியல் கற்ற பெண்கள் நம் கல்லூரிகளிலிருந்து வருஷந்தோறும் வெளிவருகிறார்களே! ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய்க்கு, விடியற்காலை நாலு மணிக்குச் சமைத்து எடுத்துச் செல்லக்கூடியது எது என்று சொல்ல வேண்டுமானால், அந்த ஜீப் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று அறிந்தவர்தான் சொல்ல முடியும். பட்டணத்து அட்டவணைக்கு அது தெரியாது.

அம்மா இப்போது சௌக்கியமாயிருக்கிறாள். இராத்திரி எட்டு மணிக்குத் தட்டைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்து, "பாதி கீரை இருக்கிறதா, பார்த்துச் சொல்லு, வாத்தியாரே!" என்கிறாள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துச் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது, முதலில் பிள்ளைகளை, "நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கிறேன். சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பாடத்தை அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.