நிழல் விழும் பக்கம்

எங்கள் வீட்டுச் சுவரிலே அப்பாவின் படம் ஒன்று தொங்குகின்றது. தேசிய அடையாள அட்டையிலிருந்த சிறு படத்தைப் பெருப்பித்து, பின்புறத்துக்கு நீல வண்ணம் தீட்டி, அவர் ஒருநாளும் அணிந்திராத கோட்டு ஒன்றையும் சேர்த்து ஸ்ரூடியோக்காரர் ஆக்கித் தந்த படம் அது. 2009ஆம் ஆண்டின் இடப்பெயர்வில், அல்பங்கள் இருந்த பையை வழியிலே கைவிட நேர்ந்தது. அவ்வாண்டே அப்பாவையும் இழந்தோம். அப்பொழுது எனக்கு வயது ஐந்து. அட்டைக்காக எடுக்கப்பட்ட படமாதலால் அதிலே அவர் சிரிக்கவில்லை. "இதைப் பாக்கிற ஆக்கள் அவர் சிரிக்கத் தெரியாத மனுசன் எண்டெல்லோ நினைக்கப் போயினம்" என்பது அம்மாவின் நெடுநாளைய மனக்குறை.

பேராதனைக்கு வந்த இரண்டாம் வருடத்தில், படிப்பு முடித்து வெளியேறிய அக்கா ஒருவர் தமது பழைய கமராவை என்னிடம் விட்டுச் சென்றார். கமரா கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வதையே நானுஞ் செய்தேன். அந்தானை மலையின் மூடுபனி, மகாவலியின் மேல் விழும் மாலை வெயில், வீதியோரத்து மலர்கள் என எடுத்துக் குவித்தேன். படங்கள் அழகாகவே இருந்தன. ஆயின் அவற்றை எவரும் எடுத்திருக்கலாம். நான் எடுத்தேன் என்பதற்கு அவற்றில் ஒரு சான்றும் இருக்கவில்லை.

ஆனி மாதத்திலே கண்டியில் தூறலோடு பஸ் வண்டி ஏறினால், மாத்தளையும் தம்புள்ளையும் கடந்து வவுனியாவை அணுகும்போது வானம் வெளுத்துக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையை மலைநாட்டிலே கொட்டிவிட்டு, வெறுங்காற்றாகவே வன்னிக்கு வருகின்றது. அதனை நாம் சோளகம் என்போம். எமக்குரிய மழை ஐப்பசியிலே தொடங்கி மார்கழி வரை பெய்வது. ஒரே பகற்பொழுதில் ஒரு பருவத்திலிருந்து மற்றொன்றுக்குப் பயணஞ் செய்துவிடலாம் என்பதை நான் பாடநூலிலன்றிப் பஸ் வண்டியின் யன்னலோரத்திலேயே கற்றேன். பிறநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் நாட்காட்டிகளிலே இலைகள் பொன்னிறமாகி உதிரும். வகுப்பிலே நாம் கார், கூதிர் முதலாகப் பெரும்பொழுதுகள் ஆறினை மனனஞ் செய்தோம். எங்கள் வயலோ இவ்விரண்டுக்கும் முற்றாகக் கட்டுப்பட மறுத்தது.

எனவே ஒரு நியமத்தை வகுத்துக்கொண்டேன். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம், வயலுக்குச் செல்லும் வழியிலுள்ள வாய்க்கால் மதகிலே, நண்பகலில், ஒரே இடத்தில் நின்று, எதிரேயுள்ள ஒற்றைப் பனையை நடுவில் வைத்து ஒரு படம் எடுப்பது. வேறெதுவும் மாறலாகாது. இரண்டு ஆண்டுகளிலே பதினொரு மாதங்கள் கிடைத்தன. கார்த்திகை மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டும் பரீட்சை குறுக்கிட்டது.

தையிலே கதிர் சாய்ந்த வயல். மாசியில் அரிவு வெட்டு முடிந்த ஒட்டு; வீதியோரத்திற் காயும் நெல். ஆனியிலே புழுதி. இரணைமடுக் குளத்தில் நீர் போதியளவு நிற்கும் ஆண்டுகளிலேயே சிறுபோகம். அதுவும் பங்கு பிரித்தே. எங்கள் துண்டுக்கு அந்த இரு ஆண்டும் பங்கு வரவில்லை. மார்கழியில் ஈரச்சேற்றின் மேல் கொக்குகள். அவற்றை எடுக்கப் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கரிய சேற்றை நம்பிக் கமரா ஒளியைக் கூட்டிக்கொள்ள, கொக்குகள் யாவும் சுண்ணாம்புப் பொட்டுகளாயின. ஒளியைக் குறைத்து எடுத்தபோதுதான் அவற்றின் இறகுகள் தெரிந்தன.

படங்களை விடுதி மேசையிலே வரிசையாகப் பரப்பிய நாளில் ஒன்றைக் கண்டு திகைத்தேன். தையிலே பனையின் நிழல் வடக்கே விழுந்திருந்தது, ஆனியிலே தெற்கே! தவறான பக்கத்தில் நின்று எடுத்துவிட்டேனோ என்று முதலில் ஐயுற்றேன். புவியியல் கற்கும் தோழி விளக்கினாள். சித்திரை வருடப்பிறப்பை அண்டிய நாட்களிலே சூரியன் எங்கள் பகுதிக்கு நேர் உச்சியில் வருகின்றது. பின்னர் வடக்கே சென்று, ஆவணி நடுக்கூற்றிலே மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகின்றது. அவ்விரு வேளைகளிலும் நண்பகலில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். இதனைப் பெரிய கண்டுபிடிப்பாகத் தொலைபேசியிலே கூறியபோது அம்மா சிரித்தார். ஆனி, ஆடியில் வடக்குத் திண்ணையில் வெயில் ஏறும் என்பதால் உரலைத் தெற்குப் பக்கம் மாற்றுவது அவருக்கு ஆண்டுதோறும் உள்ள வேலை.

அன்றிரவு அப்பாவின் படம் நினைவுக்கு வந்தது. அதில் நிழல் எந்தப் பக்கமும் விழவில்லை. காற்றில்லை, வெயிலில்லை, மாதமில்லை.

சென்ற விடுமுறையில் பதினொரு படங்களையும் அம்மாவிடங் கொடுத்தேன். அடுக்களை வாசலில் அமர்ந்து, அரிசி புடைப்பதை நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழகைப் பற்றி ஒரு சொல்லுமில்லை. "கார்த்திகை எங்கை?" என்றார். பரீட்சையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்து, பின் மதகின் ஓரத்தைச் சுட்டினார்.

"மழை விடாமப் பெய்தா அவர் இதிலைதான் நிப்பார். வரம்பை வெட்டி வெள்ளத்தை வடிய விட்டிட்டு, முழங்கால் மட்டும் சேறோடை வந்து படியிலை இருந்து சிரிப்பார். பயிர் தப்பீற்றுது எண்டு."

அப்பா சிரித்ததை அம்மா எனக்கு இடமும் மாதமுங் குறித்துச் சொன்னது அதுவே முதற்றடவை. அந்த இடத்திலே அம்மாவை நிறுத்தி ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். தன்னை எவரும் படம் எடுப்பதை அவர் விரும்புவதில்லை. விடையளிக்காமற் சுளகை எடுத்துக்கொண்டார். நான் எழுந்து போகையிலே பின்னாலிருந்து குரல் வந்தது:

"கார்த்திகையிலை வா, பாப்பம். வெள்ளம் நிண்டா மதகிலை ஏறாதை பிள்ளை, பாசி வழுக்கும்."