விஜயநகரில் ஒரு கம்பளிக் கிண்ணம்

மைசூர் நகரின் வடமேற்குப் புறத்தே, ஹூணசூர் சாலைக்கும் கிருஷ்ணராஜசாகர் சாலைக்கும் இடையே பரந்து கிடப்பது விஜயநகர். முதல் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ் என எண்ணிட்டு நான்கு வரை வளர்ந்த இக்குடியிருப்புக்கு அரண்மனைப் பெருமையோ கோட்டைப் பெருமையோ கிடையாது. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் இங்குள்ள யோக நரசிம்மசுவாமி கோயிலில் இலட்டு வழங்குவர்; அன்று ஊரே திரண்டு வரும். மற்ற நாள்களில் இது காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் குடும்பங்களின் இடம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் தென்கிழக்கே சாமுண்டி மலை தெரியும். அதற்கும் நமக்கும் இடையில் வீட்டுக்கு வீடு வெயிலில் நீரைச் சுடவைக்கும் சோலார்க் கலங்கள் பளபளக்கும். அந்தக் கலத்துக்கு இக்கட்டுரையில் ஒரு வேலை உண்டு, பின்னர் வருவோம்.

இங்கே இரண்டாம் ஸ்டேஜில் ஒரு வீட்டு முன்கூடத்தில், சனிக்கிழமைதோறும் பிற்பகலில் நாங்கள் ஐந்து பெண்கள் கூடுகிறோம். ஒருவர் நாகர்கோவில், ஒருவர் மதுரை, இருவர் கோவைப் பக்கம். ஐந்தாமவர் எங்கள் எல்லோருக்கும் அத்தை, எண்பதைக் கடந்தவர். அவர் கணவர் யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பணி செய்தவர். 1961ஆம் ஆண்டில் தொடங்கி 1996இல் மூடப்பட்ட அத்தொழிற்சாலையை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து இவ்வூருக்கு வந்தவர்களுள் அவரும் ஒருவர். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்நகரில் மார்கழி விடியற்காலை சமவெளியிலிருந்து வந்தவர்களை நடுக்கும். அதிகாலை ஷிப்டுக்குச் சைக்கிளில் செல்லும் கணவருக்காக, 1963ஆம் ஆண்டில் உதகையில் கம்பளி நூல் வாங்கிவந்து அத்தை தம் கையால் ஒரு முழுக்கை ஸ்வெட்டர் பின்னினார். காப்பிக்கொட்டை நிறம், கைமுனைகள் மட்டும் சற்றுக் கறுப்பு.

சென்ற ஆண்டு அத்தையின் மகனுக்குப் புனேக்கு மாற்றலாயிற்று. வீட்டை விற்பதென்று முடிவாகி டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அந்த ஸ்வெட்டர் வெளிப்பட்டது. அந்துப்பூச்சி முதுகுப்புறத்தைச் சல்லடையாக்கியிருந்தது. மகன் அதை அப்படியே மடித்து எடுத்துச் செல்வோம் என்றார். அத்தையோ, “மீதியையும் அந்து தின்னவா?” என்று கேட்டுவிட்டு அதை எங்கள் சனிக்கிழமைக் கூடத்துக்குக் கொணர்ந்து, “இதில் நிலையாக ஏதாவது செய்து தாருங்கள்” என்று எங்கள் மடியில் வைத்தார்.

குரோஷா எங்களுக்குப் புதிதன்று. நாகர்கோவில் அக்காளின் ஊரில் மார்த்தா மால்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அது குரோஷா அன்று. தலையணைமீது குண்டூசி குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றி முறுக்குவது. கொக்கி ஊசிப் பின்னலுக்குப் பெயர் பெற்றது ஆந்திரத்து நரசாபுரம். அவ்வூர்க் குரோஷா லேஸுக்கு 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவையெல்லாம் பெரும்பாலும் பருத்தி நூல் வேலை. நாங்கள் எண்ணியதோ வேறு: கம்பளி நூலால் பெரிதாகவும் நெகிழ்வாகவும் ஒரு கிண்ணம் பின்னி, அதை வெந்நீரில் துவைத்துத் துவைத்துச் சுருங்க வைத்து, கண்ணிகளே தெரியாத கனத்த துணியாக இறுக்குவது. இத்துணியை ஆங்கிலத்தில் ஃபெல்ட் என்பர். காஷ்மீரத்து நம்தா விரிப்பு இந்த வகையைச் சேர்ந்ததே. பருத்தியை எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் இவ்வாறு ஆகாது.

முதலில் ஒத்திகை பார்க்க எண்ணி, கடைவீதியில் ஒரு கடையில் ‘உல்லன்’ என்று கேட்டு நான்கு பந்து வாங்கினோம். ஒரு வாரம் உழைத்துக் கிண்ணம் பின்னி, கொதிக்கும் நீரில் இட்டு, துவைக்கும் கல்லில் அரைமணி நேரம் கும்மினோம். கிண்ணம் போட்டபடியே வெளிவந்தது. ஓர் அங்குலமும் சுருங்கவில்லை. துணி மட்டும் தொய்ந்து போயிற்று. எங்கள் தோள்தான் இறுகிற்று!

பிழை கையில் இல்லை, நூலில் இருந்தது. நம் கடைகளில் உல்லன் என்ற பெயரில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அதன் மேற்புறம் வழவழப்பானது. ஆட்டு மயிரின் மேற்புறமோ ஓடு வேய்ந்த கூரைபோல நுண்ணிய செதிள்கள் அடுக்கியது. சூடும் ஈரமும் சோப்பும் பட்டால் இழைகள் நெகிழும்; கசக்கும்போது வேர்ப்பக்கமாக நகர்ந்து ஒன்றுக்குள் ஒன்று நுழையும்; செதிள்கள் தடுப்பதால் திரும்பி வரமாட்டா. இப்படி ஆயிரமாயிரம் இழைகள் பின்னிக்கொள்வதே இறுகுதல். ஒருமுறை இறுகியது மீண்டும் பிரியாது. மெஷினில் துவைக்கலாம் என்று சீட்டு ஒட்டிய சில கம்பளி நூல்களும் நமக்கு உதவா. சுருங்காதிருக்கும் பொருட்டுச் செதிள்களை மழுங்கச் செய்தோ அவற்றின்மேல் பூச்சுப் பூசியோ விற்கிறார்கள்.

வாங்குமுன் ஓர் எளிய சோதனை செய்யலாம். இரண்டங்குல நூலை இடுக்கியில் பிடித்து, அடுப்படித் தொட்டியருகே தீக்குச்சியைக் காட்டுக. மயிர் பொசுங்கும் நாற்றம் எழுந்து, எரிந்த முனை விரலில் கரியாகப் பொடிந்தால் கம்பளி. உருகிக் கடினமான கறுப்பு மணியாய்த் திரண்டால் அக்ரிலிக். இச்சோதனையைக் கடை வாயிலிலேயே செய்தால் கடைக்காரர் நம்மை வேறுவிதமாக நினைப்பார். சிறு துண்டு கேட்டு வாங்கி வீட்டில் செய்வது நலம்.

அடுத்து மெய்யான கம்பளிக்கு எங்கே போவது? மைசூருக்கு அண்மையில் புகழ்பெற்ற ஆடு பன்னூர் ஆடு. ஆனால் அது இறைச்சிக்குப் பெயர் பெற்றது. அதன் மேனியில் இருப்பது சொரசொரத்த மயிர், நூற்பதற்குரிய கம்பளி அன்று. எங்கள் கவலையைக் கேட்ட பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார், “எங்கள் ஊரில் உண்ணெ கிடைக்கும்” என்றார். ஆட்டு உண்ணியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று ஒரு கணம் திகைத்துப் போனோம். கன்னடத்தில் உண்ணெ என்றால் கம்பளி மயிர் என்பது பிறகே விளங்கிற்று. போர்வைக்கு மட்டும் அவர்களுக்கும் நமக்கும் கம்பளி என்னும் ஒரே சொல்.

அவர் ஊர் சித்திரதுர்க்கா மாவட்டத்துச் சள்ளக்கெரெ. குறும்பர் குலத்தார் தக்காண ஆட்டின் கறுத்த மயிரை நூற்றுக் கைத்தறியில் கம்பளி நெய்வதற்குப் பெயர்போன இடம். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி இட்டு விறைப்பேற்றுவது அவர்கள் வழக்கம். ஊர் சென்று திரும்புகையில் அந்த அம்மையார் கஞ்சி ஏறாத நூல் அரைக்கிலோ கொணர்ந்து தந்தார். முரட்டு நூல், விரலை அறுத்தது, ஆட்டுப்பட்டி வாடை இரண்டு நாள் கூடத்தை விட்டுப் போகவில்லை. ஆயினும் வெந்நீரில் இட்டபோது, மெதுவாகவேனும், இறுகிற்று! அன்று எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அந்தக் கிண்ணம் இப்போது அம்மையார் வீட்டில் வெங்காயம் தாங்குகிறது.

இனி, புதிதாகத் தொடங்கும் சகோதரிகளுக்காகச் செய்முறையைச் சற்று விரித்துரைப்போம். லேஸ் பின்னும் மெல்லிய எஃகு ஊசி உதவாது. பென்சில் பருமனுள்ள 8 மில்லிமீட்டர்க் கொக்கி வேண்டும். நூலை இரட்டையாகப் பிடித்துக்கொள்க. கண்ணிகள் நெகிழ்ந்து இருக்க வேண்டும். நெருங்கப் பின்னினால் இழைகள் நகர இடமின்றிப் போகும். சிறு வளையம் ஒன்றில் ஆறு ஒற்றைக் குரோஷா இடுக. ஒற்றைக் குரோஷா என்பது, கொக்கியை உள்ளே விட்டு நூலை இழுத்து, மீண்டும் நூலைச் சுற்றி, கொக்கியில் நிற்கும் இரு கண்ணிகளின் ஊடும் ஒரே இழுப்பில் எடுப்பது. இரண்டாம் சுற்றில் கண்ணிக்கு இரண்டாக இட்டால் 12. மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டாக இட்டால் 18. இப்படிச் சுற்றுக்கு ஆறாக ஏற்றி எட்டாம் சுற்றில் 48 ஆனதும் நிறுத்துக. ஏற்றம் குறைந்தால் அடிப்பாகம் தொப்பிபோல் குவியும். மிகுந்தால் பொரித்த அப்பளம்போல் அலையும். பிறகு ஏற்றமே இன்றி, 48 கண்ணியாகவே பன்னிரண்டு சுற்றுச் சுவர் எழுப்பினால் போதும். பார்ப்பதற்கு அது கிண்ணமாகத் தோன்றாது, தொளதொளத்த குல்லாயாகத் தோன்றும். அஞ்ச வேண்டா. அகலத்திலும் உயரத்திலும் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை குறையும் என்று எண்ணிப் பெரிதாகவே பின்னுக.

அத்தையின் ஸ்வெட்டருக்கு வருவோம். தையலைப் பிரித்துக் கழுத்துப்புறத்திலிருந்து நூலை உருவும் வேலையை அத்தை எங்களிடம் விடவில்லை, தாமே செய்தார். தாம் பின்னிய வரிசைகளைத் தாமே கலைத்துக்கொண்டு வரும்போது, ஒரு கையில் நான்கு கண்ணி குறைந்திருந்ததை அறுபதாண்டு கழித்துக் கண்டுபிடித்து நகைத்தார். எடை 280 கிராம் இருந்தது. அந்து அறுத்தது போக 190 கிராம் தேறிற்று. தீக்குச்சிச் சோதனையில் மயிர் நாற்றம் எழுந்தது. சுருண்டு நின்ற நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்துத் தொங்கவிட்டதும் நேராயிற்று. அறுந்த இடங்களை முடிச்சிடவில்லை. இரு முனைகளையும் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஈரம் தொட்டு, உள்ளங்கைகளுக்கு இடையே விரைந்து உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். பழைய பெண்மணிகள் எச்சில் தொட்டே உருட்டுவர். அத்தையும் அப்படித்தான்.

பின்னி முடித்தபின் இரண்டு வாரம் அதைத் துவைக்காமலே வைத்திருந்தோம். பின்னலைக் கலைத்து வேறொன்று பின்னலாம், இறுகியதைக் கலைக்க இயலாது. கோணலாய்ப் போனால் அத்தைக்கு என்ன விடை சொல்வது? மகனும் ஒரு நாள் வந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் சென்றார். எஞ்சிய நூலில் ஒரு சாண் சதுரம் பின்னித் துவைத்துப் பார்த்து, அளந்து, அது முக்கால் சாணாகக் குறுகியதைக் கண்ட பிறகே துணிவு வந்தது.

வெயிலேறிய ஒரு நாள் பிற்பகல், மாடிச் சோலார்க் கலத்து நீர் கை பொறுக்காச் சூட்டில் இருந்தது. ஆடி மாதத்து மூடாக்கில் இந்நீர் வெதுவெதுப்பாகவே நின்றுவிடும். அப்போது அடுப்பை நாடுதலே வழி. கிண்ணத்தைத் தலையணை உறைக்குள் இட்டு வாய் கட்டினோம். மெஷினில் போடுவோரும் இவ்வுறையை மறக்கலாகாது. உதிரும் மயிர் வடிகட்டியை அடைத்துவிடும். வாளியில் சிறிதளவே சோப்புக் கரைத்தோம். நுரை மிகுந்தால் இழைகள் வழுக்கும், உராயா. ரப்பர்க் கையுறை அணிந்து ஒருவர் மாற்றி ஒருவர் பிசைந்து, இடையிடையே தண்ணீரில் முக்கி எடுத்தோம். முதல் பத்து நிமிடம் ஒரு மாற்றமும் இல்லை. மாறாகச் சற்றுப் பெரிதாயிற்று. மதுரை அக்காள், “போயிற்று” என்றார். இருபதாம் நிமிடத்தில் கண்ணிகள் மங்கத் தொடங்கின. அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்தோம். இக்கட்டத்தில் அசட்டையாக இருந்தால் கிண்ணம் கரண்டியாய்விடும். நாற்பதாம் நிமிடத்தில் கண்ணி மறைந்து, விரலால் தட்டினால் நிற்கும் கனம் வந்தது. சோப்பை அலசி, துண்டில் ஒற்றி, ஒரு எவர்சில்வர்ப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்து, கையால் நீவி வடிவுபடுத்தி நிழலில் வைத்தோம். காய இரண்டு நாளாயிற்று.

பின்னியபோது 19 சென்டிமீட்டர் இருந்த அகலம் 14 ஆயிற்று, உயரம் 9. ஒரு பக்கம் சற்றுச் சாய்வு. விளிம்பில் மட்டும் கறுப்பாய் ஒரு வளையம் ஓடிற்று. அத்தையின் மகன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அம்மா, இதில் கை எது?”

அத்தை அந்தக் கறுப்பு வளையத்தைத் தொட்டுக் காட்டினார்.

வீட்டை ஒப்படைக்கும் நாள் வரை சாவிக்கொத்து அந்தக் கிண்ணத்தில்தான் கிடந்தது. ஒப்படைத்த அன்று, சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டார் அத்தை. அந்து கம்பளியை விடாது என்பதால், காய்ந்த வேப்பிலைப் பொட்டலம் ஒன்றை உள்ளே இட்டு, மாதம் ஒருமுறை வெயிலில் காட்டி உதறும்படி சொல்லி அனுப்பினோம். அங்கிருந்து தொலைபேசியில், இப்போது அதில் தம் மூக்குக்கண்ணாடியும் மாத்திரைகளும் இருப்பதாகச் சொன்னார். சாய்ந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்திருக்கிறாராம்.

கிண்ணத்துக்குச் செலவானது போக நூல் கொஞ்சம் எங்களிடம் எஞ்சியிருக்கிறது. கற்க விரும்பும் சகோதரிகள் எந்தச் சனிக்கிழமையும் மூன்று மணிக்குமேல் வரலாம். சங்கத்தில் கேட்டால் வீட்டைச் சொல்வார்கள். வரும்போது ஒரு பழைய தலையணை உறையும், தீக்குச்சிச் சோதனையில் தேறிய நூலும் கொண்டுவருக.