செம்பில் விழுந்த கோடு

தேசிய சேவையில் இருந்தபோது துப்பாக்கி சுட்டதைவிட, சுட்டு முடித்த பிறகு செய்த வேலைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லாரும் குனிந்து, மணலிலும் புல்லிலும் சிதறிக் கிடக்கும் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்குவோம். எத்தனை சுட்டோமோ அத்தனை உறையும் திரும்பி வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெயிலில் தேடல் தொடரும். என்னிடம் எதுவும் இல்லை என்று ஒவ்வொருவரும் உறுதிமொழி சொன்ன பிறகுதான் லாரியில் ஏறுவோம்.

அந்தப் பித்தளை உறைகளின் கழுத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் நீலமும் பழுப்புமாக, புகை படிந்ததுபோல் இருக்கும். சுட்ட சூட்டில் கருகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படியில்லை என்று தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் செம்பை நான் பாழாக்கியிருந்தேன்.

அது பாட்டியின் செம்பு. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பல் ஏறியபோது கொண்டு வந்தது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அதுதான் கலசம். பாட்டி இருந்தவரை அதை யாரும் தொட முடியாது. புளியைக் கரைத்துத் தேய்ப்பார், உடனே கழுவுவார், துணியால் ஈரம் போகத் துடைப்பார், கடைசியில் விபூதியால் ஒரு தேய்ப்பு. “புளியை ஊற வைக்காதே, நிறம் போயிடும்” என்பார். பாட்டிக்குப் பிறகு அம்மாவும் அதே முறையில்தான் செய்தார்.

தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், அம்மாவின் முழங்கை வலியைப் பார்த்து, நான் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். தேய்க்கச் சோம்பல். அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தில் ஊற வைத்தால் பித்தளை தானாகவே பளபளக்கும் என்று எங்கோ பார்த்திருந்தேன். ஒரு வாளியில் அதை ஊற்றிச் செம்பை இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் வாளித் தண்ணீர் நல்ல நீலமாக மாறியிருந்தது. அழுக்கு இறங்கியிருக்கிறது என்று எனக்கு மகிழ்ச்சி. செம்பும் மின்னியது. அம்மா தடவிப் பார்த்து, “பாட்டியே தேய்ச்ச மாதிரி இருக்குப்பா” என்றார். எப்படிச் செய்தேன் என்று நான் சொல்லவில்லை.

நலங்கு அன்று செம்பில் தண்ணீர் நிரப்பி, மாவிலை வைத்து, தேங்காய் வைத்து, அரிசி பரப்பிய இலைமேல் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அரிசி நனைந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் செம்பின் கழுத்தில் மயிரிழை போல ஒரு கோடு, மேலிருந்து கீழாக. “கலசம் ஒழுகுதே” என்று யாரோ மெதுவாகச் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் ஓர் எவர்சில்வர் செம்பைக் கொண்டு வந்து வைத்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் அம்மா மனத்தில் அந்தக் கோடு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு தங்கைக்கு முதல் கர்ப்பம் நிலைக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இரவு, அம்மா அந்தச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். “அன்னிக்கே சாமி காட்டிட்டாரு. நான்தான் பரிகாரம் எதுவும் செய்யாம விட்டுட்டேன்” என்றார்.

எனக்குள் சந்தேகம் இருந்தது. ஆனால் உறுதியாகத் தெரியாது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். தினமும் வானொலியில் மணிக்கணக்கில் பேசுகிறவனுக்கு, அம்மாவிடம் ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை.

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஹியூஸ்டனில் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனுக்குச் சுடும் களத்துக்குப் போவது வார இறுதிப் பொழுதுபோக்கு. அங்கே பலர் சுட்ட உறைகளைத் தூக்கிப் போடுவதில்லை. சுத்தம் செய்து மறுபடி தோட்டா தயாரிப்பார்கள். ஒரு தோட்டாவில் விலை கூடிய பகுதியே பித்தளை உறைதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரே உறையைப் பல முறை பயன்படுத்தலாம். சிங்கப்பூரில் ஓர் உறையைப் பையில் வைத்திருக்கப் பயந்தவன் நான். அங்கே கார் நிறுத்தும் கொட்டகையில் வாளி நிறைய உறைகள்.

“சும்மாதானே நிக்கிற, வாடா தம்பி” என்று அண்ணன் என்னையும் வேலையில் சேர்த்தார். முதலில் உறையின் அடியில் இருக்கும் எரிந்துபோன பிரைமரைத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு உறைகளை ஓர் உருளைக்குள் போட்டு, ஊசி மாதிரியான மெல்லிய எவர்சில்வர் கம்பித் துண்டுகள், தண்ணீர், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, சிறிதளவு சிட்ரிக் அமிலம் சேர்த்து மூடினார். மின்விசையில் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. வால்நட் ஓட்டுத் தூளில் போட்டு உலர்வாகச் சுத்தம் செய்வோரும் உண்டு. ஆனால் பிரைமர் புகையில் ஈயம் இருக்கும், அது தூசியாகப் பறக்கும் என்பதால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஈர முறையே நல்லது என்றார். கையுறை இல்லாமல் என்னைத் தொட விடவில்லை.

“அமிலம் இன்னும் கொஞ்சம் போடலாமே” என்றேன். “கூடினாலோ ரொம்ப நேரம் ஊறினாலோ துத்தநாகம் கரைஞ்சு பித்தளை செம்பு நிறமாயிடும்” என்றார். தோட்டா உறைப் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். எனக்குப் பாட்டியின் குரல் கேட்டது. புளியில் இருப்பதும் ஓர் அமிலம்தானே. பாட்டி அந்த அளவைக் கையால் அறிந்திருந்தார்.

அப்புறம்தான் அண்ணன் அதைச் சொன்னார். “எது வேணும்னாலும் போடு, அமோனியா மட்டும் வேணாம். கழுத்து வெடிச்சிடும்.”

என் கை நின்றுவிட்டது.

அவர் சொன்ன கதை நம் பக்கத்து ஊர்க் கதை. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம், மழைக் காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பல உறைகளில் விரிசல். பருவத்தோடு வருவதால் அதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்தார்கள். 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். பித்தளையைச் சூடாக்காமல் இழுத்தும் அடித்தும் உருவாக்கும்போது உலோகத்துக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா ஈரத்தோடு சேர்ந்து அந்த இறுக்கம் உள்ள இடத்தை அரிக்கிறது. உலோகம் அங்கே பிளக்கிறது. உருவாக்கிய பிறகு அளவாகச் சூடு காட்டினால் இறுக்கம் தளர்ந்துவிடும்.

அண்ணன் ராணுவ வகைத் தோட்டா ஒன்றை எடுத்துக் காட்டினார். இன்னும் சுடப்படாதது. கழுத்தில் அதே நீலமும் பழுப்பும். “இது அழுக்கு இல்லடா. வெடிக்கக் கூடாதுன்னு தொழிற்சாலையிலேயே சூடு காட்டின அடையாளம்” என்றார். நான் வெயிலில் பொறுக்கிய ஒவ்வோர் உறையிலும் அந்த அடையாளம் இருந்திருக்கிறது.

பாட்டியின் செம்பு தகட்டை அடித்துக் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. அப்படிச் சூடு காட்டியிருக்க மாட்டார்கள் போலும். புளி தேய்த்து எத்தனையோ ஆண்டு அது தாங்கியது. வாளியில் நான் பார்த்த நீலம் அழுக்கு அல்ல, அமோனியாவில் கரைந்த செம்பு.

ஊர் திரும்பிய மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். குதிரை லாயத்தில் தொடங்கி வாளியில் முடித்தேன். அம்மா நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. நான் முடித்ததும், “அப்ப சாமி இல்லையா, நீதானா?” என்றார்.

“ஆமாம்மா, நான்தான்.”

“செம்பு போனா போகட்டும். ரெண்டு வருஷம் என்னை அப்படி நெனைக்க விட்டியே, அதுதான்ப்பா” என்றார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை என்று காலையில் தெரிந்தது. காலையில் அவரே தங்கைக்குத் தொலைபேசியில் அழைத்தார். செம்பு உடைந்ததற்குக் காரணம் உன் அண்ணன்தான், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தங்கை அழுததும் பிறகு சிரித்ததும் எனக்கு வெளியே வரை கேட்டது.

வீட்டில் பழைய பித்தளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பளபளப்புத் திரவம் வாங்கும்போது புட்டியில் அமோனியா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். புளியோ எலுமிச்சையோ போதும். ஊற வைக்காதீர்கள், உடனே கழுவி ஈரம் போகத் துடையுங்கள். தவறிப் பாழாக்கிவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

செம்பை நாங்கள் பற்றவைக்கவில்லை. அம்மா அதில் அரிசி நிரப்பிச் சாமி அறையில் வைத்திருக்கிறார். இந்தத் தீபாவளிக்கு அதைத் தேய்க்கும் வேலை எனக்கு. புளி கரைத்து, கையால். அம்மா பக்கத்திலேயே நிற்பார் என்று சொல்லியிருக்கிறார்.