சாவடிப் பொறுப்பாளர் எங்கே?

கோயம்புத்தூரை ஆலைகளின் நகரம் என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று மருத்துவமனைகளின் நகரம் என்று அழைத்தாலும் மிகையாகாது. 1966-இல் இங்கு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதன்பின் அவிநாசி சாலையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எழுந்த மருத்துவமனைகளைத் தேடி நீலகிரியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நாள்தோறும் நோயாளர் வருகின்றனர். இதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம். ஆனால், இந்நகரிலிருந்து வடக்கு நோக்கிச் சில மணி நேரம் பயணம் செய்தால் கடம்பூர், தாளவாடி, பர்கூர் என மலைகள் தொடர்கின்றன. அங்கே ஒரு பேருந்தைத் தவறவிட்டவர் ஒரு நாளையே தவறவிட்டவர் ஆகலாம். நோயோ அந்த ஒரு நாளுக்குக் காத்திருப்பதில்லை.

நான் குருவாகி மூன்றாம் ஆண்டில் அத்தகைய மலைப்பகுதி ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஓர் இரவு, குழந்தை பெற்ற இளம்பெண் ஒருத்திக்கு நோயில்பூசுதல் வழங்க என்னை அழைத்தார்கள். 108 ஊர்தி தமிழகத்திற்கு வந்தது 2008-இல். இது அதற்குச் சில ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி. கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, ஆடவர் நால்வர் மலையிறக்கிக்கொண்டிருந்தனர். பாதி வழியில் அவளுக்கு எண்ணெய் பூசினேன். சாலையை அடையுமுன் அவள் இறந்துபோனாள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

பல நாள் கழித்து, எனக்குத் தெரிந்த மகப்பேற்று மருத்துவர் ஒருவரிடம் இதைக் கூறினேன். அவர் பொறுமையாக விளக்கினார். பிள்ளைப்பேறு முடிந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டுமாம். அப்போதுதான் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்து இரத்தக் குழாய்கள் அடைபடும். சுருங்காமற்போனால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உயிர் பிரிந்துவிடக்கூடும். உடனே ஓர் ஆக்சிடோசின் ஊசி போட்டு, அடிவயிற்றின்மேல் கைவைத்துத் தேய்த்துக் கருப்பையை இறுகச் செய்தால், பெரும்பாலான தாய்மாரைக் காப்பாற்றிவிடலாம் என்றார். கேட்ட எனக்கு நெஞ்சு கனத்தது. அந்த இரவில் அவளுக்கு முதன்முதலாகத் தேவைப்பட்டவை பயிற்சி பெற்ற இரண்டு கைகள். அவை அந்த மலையில் இல்லை.

இந்த நினைவு சென்ற ஆண்டு மீண்டும் எழுந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த பெண் ஒருத்தி மருத்துவப் படிப்பை முடித்து, மலைப்பகுதிச் சிறு மருத்துவமனை ஒன்றில் இரண்டாண்டு பணிபுரிய விரும்பினாள். அவளுடைய தந்தை விசைத்தறி நடத்துபவர். மகளின் படிப்புக்காகக் கடன்பட்டவர். ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னிடம் வந்தார். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேட்டுக்குவாளுங்க. மேல்படிப்புக்குப் படிக்க வேண்டிய வயசு. அந்தக் காட்டுக்குள்ள போயி என்னத்தைங்க கத்துக்கப் போறா?" என்றார். அவர் குரலில் பேராசை இல்லை. ஒரு தகப்பனின் அச்சம் இருந்தது. அவருடைய கேள்விக்கு நேர்மையான விடை வேண்டும் என்று எண்ணினேன். ஆகவே, இத்தகைய பணி நடைபெறும் இடம் ஒன்றைக் கண்டுவரச் சேலம், அரூர் வழியாகச் சிட்லிங்கிக்குச் சென்றேன்.

தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே உள்ள பள்ளத்தாக்கு சிட்லிங்கி. அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் 'மலையாளி' என்று பெயர் பெற்ற தமிழ் பேசும் பழங்குடி மக்கள். 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே 'டிரைபல் ஹெல்த் இனிஷியேடிவ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். அவர் மயக்க மருந்து நிபுணர்; இவர் மகப்பேற்று மருத்துவர். அதற்குமுன் இருவரும் திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் பணியாற்றியவர்கள். ஊர் மக்கள் கட்டித்தந்த குடிசைதான் அவர்களுடைய முதல் மருத்துவமனை. அக்காலத்தில் அப்பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அறுவை மருத்துவம் வேண்டுமானால் சேலம்வரை செல்ல வேண்டியிருந்தது. இன்று குடிசை இருந்த ஊரில் அறுவை அரங்கோடு கூடிய மருத்துவமனை நிற்கிறது. குழந்தை இறப்பும் மிகப் பெரிய அளவில் குறைந்துவிட்டது.

இது எவ்வாறு இயன்றது? இரண்டு மருத்துவர்கள் இரவும் பகலும் உழைத்தாலும் இத்தனை ஊர்களைத் தாங்க முடியாது. அவர்கள் தொடக்கத்திலேயே அங்குள்ள பழங்குடிப் பெண்களைத் தேர்ந்து பயிற்றுவித்தனர். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட பெண்கள் இரத்த அழுத்தம் பார்க்கவும், பேறுகாலம் பார்க்கவும், அறுவை அரங்கில் துணைநிற்கவும், ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்ளவும் கற்றுக்கொண்டனர். சிற்றூர்களிலிருந்து வயதில் மூத்த பெண்களும் நலப் பணியாளராகப் பயிற்சி பெற்றனர். வீடுவீடாகச் சென்று குழந்தையின் எடையைப் பார்ப்பதும், கருவுற்ற பெண்ணை உரிய காலத்தில் மருத்துவமனைக்கு அனுப்புவதும் அவர்கள் பணி. எந்த வீட்டில் மருமகள் கடைசியாக உண்கிறாள், எந்த வீட்டில் கூலிப்பணம் சாராயத்திற்குப் போகிறது என்பன இத்தகைய பெண்களுக்குத் தெரியும். எந்த ஆய்வகமும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

இம்முயற்சி சிட்லிங்கிக்கு மட்டும் உரியதன்று. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதியர் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் பகுதிக்குச் சென்று, எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களையும் நலப் பணியாளராக உருவாக்கினர். 1979-இல் அவர்களுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

இத்தகைய இடங்களுக்கு வரும் இளம் மருத்துவர் கற்பதும் மிகுதி. நகரத்தில் படக்கருவி சொல்வதை இங்கே முதலில் கையும் காதும் சொல்ல வேண்டும். ஆக்சிடோசின் மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் நிலையாக இல்லாத இடத்தில், குளிர்ப்பெட்டி வேண்டாத மிசோபிரோஸ்டால் மாத்திரையைப் பயன்படுத்த அறிந்திருக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு வெப்பப் பெட்டி இல்லையெனில், தாயின் வெற்று மார்போடு அணைத்துவைக்கக் கற்பிக்க வேண்டும். 'கங்காரு முறை' எனப்படும் இது, 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாமற்போன ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. இன்று உலகச் சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. வறுமையில் பிறந்த மருத்துவம் வளம் படைத்தோர்க்கும் ஆசிரியராகிவிட்டது! இவற்றையெல்லாம்விடக் கடினமான பாடம் ஒன்றுண்டு. இந்த நோயாளியை நான் இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, இந்நேரமே கீழே அனுப்ப வேண்டுமா என்று தீர்மானிப்பதே அது. தாமதித்து அனுப்பினால் உயிர் போகும். தேவையின்றி அனுப்பினால் ஓர் ஏழைக் குடும்பம் கடனில் மூழ்கும்.

நம் திருச்சபைக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரேலியாவில் மருத்துவம் பயின்ற மேரி குளோரி 1920-இல் ஆந்திரத்தின் குண்டூருக்கு வந்து துறவற வாழ்வை ஏற்றார். துறவியர் பேறுகாலம் பார்ப்பதைத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்காத காலம் அது. 1936-இல்தான் உரோமை அத்தடையைப் பொதுவாக நீக்கியது. மேரி குளோரியோ திருத்தந்தையின் தனி அனுமதியோடு மருத்துவம் செய்தார். தாம் ஒருவரே அத்தனை பேரையும் பார்க்க இயலாது என்பதால் உள்ளூர்ப் பெண்களை மருந்தாளுநராகவும் பேறுகாலப் பணியாளராகவும் பயிற்றுவித்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பை உருவாக்கினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று எழ வேண்டும் என்பது அவர் கனவு. அவர் 1957-இல் மறைந்தார். 1963-இல் பெங்களூரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று.

நல்ல சமாரியர் உவமையைக் குருமடத்தில் பலமுறை தியானித்திருக்கிறேன். சிட்லிங்கியிலிருந்து திரும்பும் வழியில் அது புதிதாகத் தோன்றியது. சமாரியர் கையில் இருந்த எண்ணெயும் திராட்சை மதுவுமே மருந்தாயின; தாம் ஏறிவந்த விலங்கே ஊர்தியாயிற்று. ஆயினும் அவர் மறுநாள் பயணத்தைத் தொடர வேண்டியவர். காயமுற்றவர் உயிர் பிழைத்தது, சாவடிப் பொறுப்பாளர் ஒருவர் அவ்விடத்திலேயே இருந்ததால் அல்லவா? சமாரியர் அவரிடம் பணத்தைக் கொடுத்தார். திரும்பி வருவதாக வாக்கும் கொடுத்தார். மலைக்குச் செல்லும் மருத்துவர் பெரும்பாலும் ஒருநாள் திரும்பிவிடுவார். அவர் யாரைப் பயிற்றுவித்து விட்டுச்செல்கிறார் என்பதே கேள்வி.

அந்தத் தகப்பனாரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அங்குள்ள சிரமங்களையும் மறைக்கவில்லை. தனிமை உண்டு, ஊதியம் குறைவு, திருமணமானால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிய கவலையும் வரும். மூத்த மருத்துவர் உடனில்லாத இடத்திற்கு மகளைத் தனியே அனுப்ப வேண்டாம் என்றும் கூறினேன். கற்பிக்க ஆளின்றி இளையவரை மலையேற்றுவது தியாகம் ஆகாது. அவருக்கும் நோயாளிக்கும் அது ஆபத்து. நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "ஒருக்கா நானும் போயிப் பாத்துட்டு வரேனுங்க சாமி" என்றார். மகள் இப்போது அங்கே பணியில் இருக்கிறாள்.

அன்பார்ந்த பெற்றோரே, நம் பங்குகளில் செவிலியர் படிப்பும் மருத்துவமும் பயின்ற பிள்ளைகள் இன்று பலர். வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அவர்கள் செல்வதில் தவறில்லை. குடும்பக் கடன்களும் தீர வேண்டுமே. எனினும் அவர்களுள் ஒருவர் வாழ்வின் ஓரிரு ஆண்டுகளை நம் மலைகளுக்குத் தர முன்வந்தால் தடுக்காதீர்கள். அவர் செல்லும் இடத்தை நீங்களே நேரில் சென்று பாருங்கள். உடனிருந்து கற்பிக்கும் மூத்தவர் உண்டா என்று கேளுங்கள். உண்டெனில் ஆசி கூறி அனுப்புங்கள். அவர் பயிற்றுவிக்கும் ஒரு பெண், அவர் திரும்பிய பின்னும், அங்கேயே விழித்திருப்பாள்.